முன்னால் போகிறவருக்குத் தெரியும் கம்பம்

இந்த மாதிரிக் கட்டுரையை ஓய்வு பெறுகிறவர்கள்தாம் எழுத வேண்டும். எனக்கு முப்பத்தொரு வயது. பாதைப் பரிசோதகராக ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் குணா அண்ணன். நம் சூப்பர்வைசர் அவர். இந்நேரம் ஒரு முறையாவது நீங்கள் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். “இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் அடிச்சுக் குடு, போதும் லா” என்றார். நான் தமிழில் எழுதுகிறேன். மூவருமே தமிழ் படிப்பீர்கள் என்பது ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுதினால் நான் சுருக்கிவிடுவேன் என்பது இன்னொரு காரணம். நான் சுருக்கி எழுதியதால் ஒரு மனிதரின் வலது கை வீணாய்ப் போனது.

டேப்பை எப்படிப் பிடிப்பது, எந்தப் பழுதுக்கு எந்த எண் போடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டம் என்னவென்றால், கண்ணும் சேர்ந்து பழகிவிடும். மரவேர் தூக்கி நிறுத்திய சிமெண்ட், சக்கரம் இறங்கும் அளவுக்கு இடைவெளி விட்ட சாக்கடை மூடி, பாதைக்குள் கை நீட்டும் அறிவிப்புப் பலகை, இதையெல்லாம் முதல் மாதம் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். ஆறாவது மாதம் அவை வெறும் எண்களாகிவிடும். எனக்கு அதற்கும் முன்பே ஆகிவிட்டன.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறவர், அம்மா அடுக்குமாடி புளோக்குகளைக் கூட்டுகிறவர். இருவருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் மாடியில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எதிர்வீட்டு அக்கா குளியலறையில் தண்ணீர் ஒழுகும் கதையை அரை மணி நேரம் சொல்வார்: மேல்வீட்டுக்காரன் முறைத்தது, பிள்ளைக்குச் சளி பிடித்தது, இவர் பாத்திரம் வைத்துப் பிடித்தது. படிவத்தில் இருப்பதோ ஒரு சிறு கட்டம். நான் அதில் ‘கூரை ஒழுகுகிறது’ என்று எழுதுவேன். “எம்புட்டு பேசினாலும் தம்பி நறுக்குன்னு எழுதிப்புடும்” என்று அந்த அக்கா அம்மாவிடம் சொல்வார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேச்சை வெட்டிக் கட்டத்துக்குள் போடுவதுதான் படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கிலும் யாரும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

நான் சொல்லும் இடம் உட்லண்ட்ஸ் பக்கம், கால்வாயை ஒட்டிய பாதை. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பகிர்ந்துகொள்வது. ஒரு மேம்பாலத்தின் அடியில் சரிவாக இறங்கும். சரிவு முடிகிற இடத்தில், நட்டநடுவில், இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம். போலார்ட் என்கிறோமே, அதுதான். வேன், லாரி உள்ளே நுழையாமல் இருக்க வைத்தது. சைக்கிள்கள் தாமாக வேகமெடுக்கும் சரிவின் அடியில் அதை நட வேண்டும் என்று படம் போட்டவர் ஒரு நாளும் அங்கே சைக்கிளில் இறங்கியிருக்க மாட்டார். ஆனால் அளவில் குறையில்லை. இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் இடைவெளி. நானே அளந்தேன்.

முதல் புகார் திருமதி யோகேஸ்வரி என்பவரிடமிருந்து வந்தது. கிளினிக் ஒன்றில் முன்மேசையில் வேலை பார்க்கிறவர். அவரும் கணவரும் தினமும் காலையில் அந்தப் பாதையில் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போவார்கள். அவர் எழுதியிருந்தது இது: ‘நான் முன்னால் போகிறேன், கணவர் பின்னால் வருகிறார். எனக்குக் கம்பம் தெரிகிறது. நான் விலகும்வரை அவருக்கு அது தெரிவதில்லை. நான் விலகிய பிறகு அவருக்கு நேரம் இருப்பதில்லை.’ நான்கே வாக்கியங்கள். அவற்றுக்கு மேலே, பட்டியலிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த புகார் வகை இருந்தது: ‘தெளிவாகத் தெரியவில்லை.’ நான் அதை மட்டும் படித்துவிட்டு வேனில் ஏறினேன்.

தனியாகத்தான் போனேன். நாம் எப்போதும் தனியாகத்தானே போகிறோம். பத்து அடி தள்ளி நின்று, கம்பம் நடுவில் வரும்படி படம் எடுக்க வேண்டும், படத்தில் ஆள் யாரும் விழக் கூடாது என்பது விதி. அன்று சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாரும் போய் முடியட்டும் என்று காத்திருந்து எடுத்தேன். படத்தில் கம்பம் துல்லியமாகத் தெரிந்தது. இதுவா தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் மஞ்சள் நாடாவை இரண்டு சுற்று ஒட்டினேன். கேஸ் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினார். ‘நாடாவுக்கு நன்றி. ஆனால் நான் சொன்னது அதுவல்ல’ என்று தொடங்கியிருந்தார். நான் குணா அண்ணனிடம் கொண்டுபோனேன்.

“‘இறங்கித் தள்ளவும்’னு ஒரு போர்டு வச்சிரு” என்றார். “வச்சிட்டா நம்ம சேஃப். அதுக்கப்புறம் விழுந்தா அவங்க பாடு.”

பலகையைச் சரிவுக்கு மேலே வைத்திருக்க வேண்டும். அங்கே மண்ணுக்கடியில் கேபிள் ஓடுகிறது, தோண்ட அனுமதி வாங்க ஒரு மாதமாகும். அதனால் சரிவுக்குக் கீழே, கம்பத்தைத் தாண்டி நான்கடியில், பாதையின் இடது ஓரத்தில் நட்டோம். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்தவன் நான். பாதையில் நடுக்கம்பம் இருக்கிறது என்று எச்சரிக்க, ஓரத்தில் இன்னொரு கம்பம் நட்ட முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன். நீங்களும் போகப் போகப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது புகாரில் ஒரு வரிதான் இருந்தது: ‘இப்போது அங்கே இரண்டு கம்பங்கள் இருக்கின்றன.’ நான் ‘ஏற்கெனவே வந்த புகார்’ என்று குறியிட்டு மூடினேன். அப்படிக் குறியிட்டால் அதே ஆள் அதே இடத்தைப் பற்றி எழுதும் எதுவும் தானாகவே பழைய கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் திரையில் வந்து நிற்காது. அதைத் தெரிந்துதான் குறியிட்டேன்.

ஆபீசில் அவருக்குக் ‘கம்பத்தம்மா’ என்று பேர். “என்னடா, கம்பத்தம்மா ஒரு மாசமா எழுதலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பார் குணா அண்ணன். எல்லாரும் சிரிப்போம். அந்தப் பேரை வைத்தது நான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பேன்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து இரண்டு வெல்டர்கள் தேக்காவுக்குக் கிளம்பினார்கள். ரயில் நிலையம் வரை சைக்கிள், அப்புறம் ரயில். செந்தில் முன்னால் போனார். அழகர் பின்னால். அழகர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், கப்பல் பட்டறையில் ஆறு வருடமாக வெல்டர். சரிவில் இறங்கும்போது செந்தில் கம்பத்தைப் பார்த்து லேசாக விலகிக்கொண்டார். அழகரின் முன்சக்கரம் நேராகக் கம்பத்தில் மோதியது. சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது. ஆள் இடது பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு, நான்கடி தள்ளி நாங்கள் நட்டிருந்த பலகைக் கம்பத்தில் போய் அடித்தார். உடைந்தது வலது முழங்கை.

நாடா அப்போதும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நானும் குணா அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயம்பட்டவரின் வாக்குமூலத்தை நம் அறிக்கையோடு சேர்த்து மறுநாளே மேலே அனுப்பியாக வேண்டும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும் என்பதால் எழுதும் வேலை எனக்கு. குணா அண்ணன் வீட்டில் தமிழ் பேசுவார், எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்.

அழகருக்கு என் வயதுதான் இருக்கும். தோளிலிருந்து விரல்வரை கட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“படுங்கண்ணே, படுங்க” என்றேன்.

“சார், டாக்டர் இன்னொரு ஆபரேசன் பண்ணணுங்கிறாரு. அது பண்ணிட்டா கை நீட்டி மடக்க வரும்னாரு. வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க இந்தக் கை ஆடாம நிக்கணும் சார். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச தொழிலு.”

“வரும்ணே. எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

சொன்னார். பத்து நிமிடம் சொன்னார். ஊரில் இருக்கும் தங்கச்சிக்குப் புடவை எடுக்கக் கிளம்பியதில் தொடங்கினார். “செந்திலு முதுகத்தான் சார் பாத்துக்கிட்டே வர்றேன். அவன் பை வேற மாட்டியிருந்தான், பெரிய பை. சட்டுனு இப்படி ஒதுங்குறான். ஏன்டா ஒதுங்குறான்னு நெனைக்கக்கூட இல்ல, நெஞ்சுக்கு நேரா நிக்குது சார் கம்பம். அவன் மறைச்சிக்கிட்டு வந்திருக்கான், அவனுக்கே தெரியாம. பறந்தப்ப கைய முன்னாடி நீட்டுனேன். அங்கன இன்னொண்ணு நிக்குது.”

படிவத்தில் ‘சம்பவம் எப்படி நடந்தது’ என்பதற்கு எதிரே ஐந்து கோடுகள். நான் முதல் கோட்டில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். தமிழில் சொன்னால், ‘நான் கம்பத்தைப் பார்க்கவில்லை.’ மற்ற நான்கு கோடுகளும் காலியாகவே இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், யாரையும் காப்பாற்ற நினைத்து நான் அப்படி எழுதவில்லை. அழகாக, நறுக்கென்று இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

“கம்பத்தப் பாக்கலன்னு எழுதியிருக்கேன்ணே.”

“ஆமா சார். பாக்கலதான்” என்றார். இடது கையால் கையெழுத்துப் போட்டார். சின்னப் பிள்ளை போட்ட மாதிரி இருந்தது. “அசிங்கமா வந்திருச்சு சார், பரவால்லையா?” என்று கேட்டார்.

மறுநாள் அறிக்கை போனது. கம்பம் விதிப்படி உள்ளது, நாடா உள்ளது, இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை உள்ளது, சைக்கிளில் வந்தவர் கம்பத்தைப் பார்க்கவில்லை. படிக்கிறவர் என்ன நினைப்பார்? கவனமில்லாமல் வந்து மோதியிருக்கிறான் என்றுதானே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அழகர் எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் நம்பர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“சார், ரிப்போட்டுல என் மேல தப்புன்னு இருக்காமே. வேற யாரும் பொறுப்பெடுக்க மாட்டாங்களாம். ரெண்டாவது ஆபரேசன ஊருக்குப் போய்ப் பாத்துக்கன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. டிக்கெட்டு போட்டுட்டாங்க. நான் அப்படியா சார் சொன்னேன்?”

“நீங்க சொன்னதத்தான்ணே எழுதினேன்.”

“அப்ப செந்திலு மறைச்சான்னு எழுதலையா?”

போனை வைத்துவிட்டேன். வெட்கத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் அந்த இடத்தின் பழைய கோப்பைத் திறந்தேன். உள்ளே நான்காவதாக ஒரு புகார் உட்கார்ந்திருந்தது. விபத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை எழுதியது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள். ‘பலகைக் கம்பத்தில் ரத்தம் காய்ந்திருக்கிறது. அவர் யாருக்காவது பின்னால் வந்தவரா என்று தயவுசெய்து கேளுங்கள்.’

அன்றைக்குத்தான் நான்கு புகார்களையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். படித்துவிட்டுத் திருமதி யோகேஸ்வரியை அழைத்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அவர் எப்படி இருக்கிறார்?” என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். சொன்னேன்.

“பின்னால வந்தவர்தானே?”

“ஆமாங்க மேடம்.”

“நீங்க வந்து பார்க்கேக்க எப்பவும் தனியாத்தான் வருவீங்களோ?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அதுதான்” என்றார். வைத்துவிட்டார்.

குணா அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு வாடகை சைக்கிள் எடுத்தோம். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். “நான் முன்னாடி போனா பின்னாடி வர்ற ஒனக்கு பஸ்ஸே தெரியாது லா” என்று சிரித்துக்கொண்டே சரிவின் உச்சியில் ஏறி உட்கார்ந்தார். இறங்கினோம். அவருடைய நீலச் சட்டை மட்டும் எனக்கு முன்னால். கம்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அளந்தவன் நான், நாடா ஒட்டியவன் நான். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு இறங்கும்போது அது எங்கே வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திடீரென்று நீலம் விலகியது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் தூக்கி அடித்தது. சைக்கிள் நின்றபோது கம்பத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

குணா அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “நீ முன்னாடி போ, நான் பாக்குறேன்” என்றார். போனோம். கீழே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, கம்பத்தின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் நிற்கும்போதே விடுதி ஆட்கள் நான்கு பேர் வரிசையாக இறங்கி வந்தார்கள். முதல் ஆள் கையைத் தூக்கிப் பின்னால் இருந்தவர்களுக்குச் சைகை காட்டினார். அவர்களே தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நம் கையேட்டில் அது இல்லை.

“ரிப்போர்ட் போயாச்சுடா” என்றார் குணா அண்ணன்.

“வேற எழுதி அனுப்பலாம்ணே. அவர் சொன்னத முழுசா. இந்த நாலு கம்ப்ளைண்டையும் சேத்து.”

“நாலும் யாரால மூடிக் கெடந்துச்சுன்னு அதுல இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“போர்டு வைக்கச் சொன்னது யாருன்னும் இருக்கும்” என்றார். கம்பத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, “எழுது. ஆனா இன்னிக்கே எழுது. திங்கக்கிழமைன்னா நானே வேணாம்னு சொல்லிடுவேன்” என்றார்.

அவரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். அன்று மாலை ஆறு பக்கம் எழுதினேன். தங்கச்சிக்குப் புடவை எடுக்கப் போனதிலிருந்து எழுதினேன். செந்திலின் பெரிய பையை எழுதினேன். அழகருக்குப் போன் செய்து தமிழில் வாசித்துக் காட்டினேன். “இப்ப சரியா இருக்கு சார்” என்றார். அப்போது அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

விமானம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் யாரும் ஆறு பக்கம் படித்து முடிக்கவில்லை. நானும் குணா அண்ணனும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினோம். வாங்க வேண்டியதுதான். கோப்பை மறுபடி திறந்தார்கள், கேள்வி கேட்டார்கள், நாங்கள் பதில் எழுதினோம், அதற்கும் ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது மாதம், விபத்துக்கு நம் நிறுவனமும் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு கடிதம் போனது. சிகிச்சைக்கு வழி செய்கிறோம் என்றும் அதில் இருந்தது. மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது, இனி உடைத்துச் சேர்த்தாலும் பாதிதான் நீளும் என்று சொல்லிவிட்டார். முதல் மாதத்தில் செய்திருந்தால் சரியாகியிருக்கும் என்றும் சொன்னாராம். நான் காலியாக விட்ட நான்கு கோடுகளின் விலை, அதற்குப் பின் வீணாய்ப் போன இரண்டு மாதம்.

உங்களுக்குப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இரண்டு பேரை அனுப்ப ஆளில்லை என்பார்கள். அப்படியானால் அங்கே நின்று, யாராவது இருவர் வரிசையாக வரும்வரை காத்திருங்கள். நான் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் ஆட்கள் வரட்டும் என்று காத்திருங்கள். பலகை வைத்தால் நாம் தப்பித்தோம் என்று யாராவது சொன்னால், அந்தப் பலகைக்கும் ஒரு கால் இருக்கிறது, அது எங்கே நிற்கப் போகிறது என்று கேளுங்கள். புகாரின் வகையைப் படித்துவிட்டு வேனில் ஏறாதீர்கள். ஒரே ஆள் மூன்றாவது முறை எழுதினால் அவருக்குப் பேர் வைக்காதீர்கள்.

பொறுப்பை ஏற்றுக் கடிதம் அனுப்பிய வாரத்திலேயே கம்பங்களை எடுத்துவிட்டோம். சிமெண்ட் பூசிய இரண்டு வட்டங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கின்றன. உங்கள் முதல் வாரத்தில் போய்ப் பாருங்கள். திருமதி யோகேஸ்வரிக்கு நான் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

அழகர் போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். ஊரில் ஒரு பட்டறையில் கணக்குப் பார்க்க உட்கார வைத்திருக்கிறார்களாம். பின்னால் யாரோ வெல்டிங் அடிக்கும் சத்தம் கேட்டது.

“கம்பத்த எடுத்துட்டாங்களா சார்?”

“எடுத்துட்டோம்ணே. ரெண்டையும்.”

“எதுல அறுத்தீங்க? கேஸ் டார்ச்சா, கிரைண்டரா?”

“கிரைண்டர்.”

“எம்புட்டு நேரமாச்சு?”

சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இவரிடம் மறுபடியும் எதையும் விட்டுவிடக் கூடாது.

“ரெண்டுக்கும் சேத்து இருபது நிமிஷம்ணே.”

அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

“அம்புட்டுத்தானா” என்றார். “முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா பத்து நிமிசத்துல நானே அறுத்துக் குடுத்திருப்பேனே சார்.”